வராத காய்ச்சல்

அத்தியாயம் பதினேழு

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் பெனிட்டா கேட்டாள்.

"நைனா, அந்தப் படகுல யார்னா இருந்தாங்களா?"

வடிவேலு சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது பொத்தானில் கை நின்றது.

"எந்தப் படகு?"

"கவுந்துச்சே. நீங்க போக வேண்டியது."

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். இரண்டு வாரமாக அப்பாவின் சாட்சியைத் தட்டச்சு செய்கிறாள். திருப்பாலைவனத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் தொடங்கிய சபைக்கு நாளையோடு இருபத்தைந்து வருடம். காலை ஏழு மணிக்கு ஆராதனை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு விழா மலர் அச்சிட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு.

முன்பக்கத்தில் படம். கீழே 'போதகர் ஜான் வடிவேலு'. உள்ளே அவர் வாழ்க்கை. ஏரியில் வலை போட்ட வருடங்கள். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்கிய வருடங்கள். காட்டுப்பள்ளித் துறைமுக வாசலில் காவலாளிச் சீருடையோடு நின்ற வருடங்கள். ஒரு நாள் அந்தச் சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தது.

அவர் செல்போனில் பேசிக் கொடுப்பார். பெனிட்டா பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். கேட்டுக் கேட்டுத் தட்டுவாள். மற்ற பக்கங்கள் அச்சாகிவிட்டன. சாட்சி மட்டும் பாக்கி. பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"படிக்கறேன், கேளுங்க," என்றாள்.

'அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்குப் போயிருந்தால் இன்று உங்கள் முன்னால் நிற்க மாட்டேன். கர்த்தர் என்னை ஜெபத்துக்கு அழைத்தார். நான் ஏற வேண்டிய படகு கவிழ்ந்தது. நான் முழங்காலில் இருந்தேன். உயிரோடு இருந்தேன்.'

"இதை எங்க எடுத்தே?"

"நாயுடுப்பேட்டைல பேசினீங்களே, போன மாசம். அந்த சபைக்காரங்க வீடியோ அனுப்பி இருந்தாங்க. நல்லா இருந்துச்சு. சேத்துட்டேன்."

வடிவேலு அதை இருநூறு முறையாவது சொல்லியிருப்பார். வேலூரில், ஆரணியில், சூளூர்பேட்டையில். அந்த இடம் வரும்போது கூட்டம் ஸ்தோத்திரம் என்று சொல்லும். அழுகிறவர்களும் உண்டு. படகில் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பழவேற்காட்டுப் பக்கம் மட்டும் அவர் அதைச் சொன்னதில்லை. சொந்தச் சபையிலும் சொன்னதில்லை.

"வெறும் படகும்மா," என்றார். "கட்டி வெச்சிருந்தது. காத்துல கவுந்துச்சு."

"கட்டி வெச்ச படகுல நீங்க எதுக்குச் சாவப் போறீங்க?"

"பெனி, பந்தல்காரன் ஏழு மணிக்கு வரான்."

"தொண்ணூத்தேழு, ஐப்பசி மாசம், ஞாயித்துக்கெழமைனு நீங்களே சொல்றீங்க. வரதன் சித்தப்பா போட்டோ கீழ இருக்கிற தேதியும் அதான் நைனா. அன்னிக்கு நீங்க காய்ச்சல்ல படுத்துனு இருந்தீங்கன்னு சித்தி சொல்லும். எத்தனையோ வாட்டி சொல்லி இருக்குது."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டார்.

"இதுல ஜெபத்துல இருந்தேன்னு இருக்குது," என்றாள். "எது மெய்?"

வடிவேலுவும் அவர் தம்பி வரதனும் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் குப்பத்தில் பிறந்தவர்கள். ஏரியில் இறால் ஓடும் இடங்களை அங்கே பாடு என்பார்கள். அவை கொஞ்சம். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டு ஆளுக்கு நாள் பிரிக்கும். அந்த நாள் அவன் முறை.

உடம்பு முடியவில்லை என்றால் அந்த வீட்டு ஆள் பதிலுக்குப் போகலாம். வேறு எந்தக் காரணமும் செல்லாது. முறை அடுத்தவனுக்குப் போய்விடும். கல்யாணம் என்றாலும் போய்விடும். ஜெபம் என்றால் சிரிப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடிவேலுவின் முறை. அன்றைக்குத்தான் காட்டூரில், அவர் மனைவியின் ஊரில், உபவாச ஜெபம். அவருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். இருட்டோடு பழவேற்காட்டுக்குப் படகேறி, முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

வரதன் ஏரிக்குப் போனான். இரண்டு பேர் கட்ட வேண்டிய வலை. ஒருவனாகப் போனான்.

மறுநாள் காலை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் படகு கவிழ்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாள் கடல் பக்கம் அவன் கிடைத்தான். வரதனின் மனைவி கஸ்தூரி. மகன் லோகேஷுக்கு அப்போது இரண்டு வயது.

"அந்த வரியை எடுத்துடு," என்றார் வடிவேலு.

பெனிட்டா திரையைப் பார்த்தாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

"எடுத்தா மிச்சம் நிக்காது நைனா. மீன் புடிக்கறதை ஏன் உட்டீங்க? அதுக்கு இது தான். ஊரை உட்டு ஏன் வந்தீங்க? அதுக்கும் இது தான். எல்லாம் இது மேல தான் நிக்குது."

அது உண்மை. அவர் அதை ஒருபோதும் அப்படி எழுத்தில் பார்த்ததில்லை.

"வண்டிய எடு," என்றார்.

*

அவர் மனைவி ஆரோக்கியமேரி அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. சின்ன வீடு. எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எங்க கெளம்பறீங்க?"

"குப்பத்துக்கு."

"இன்னாத்துக்கு?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். மேரி கையிலிருந்த பூண்டைத் தட்டில் போட்டாள்.

"இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. கஸ்தூரி புள்ளைய வளத்தா. போன தையில கல்யாணம் பண்ணா. நிம்மதியா கீறா. உங்களுக்கு மனசு கேக்கலன்னு அவளைப் போட்டு எழுப்பணுமா?"

"மலரைப் படிச்சி யாராவது அவகிட்ட சொல்லிடுவாங்க."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிப் போட்டா தெரியாது."

"பெனிக்குத் தெரிஞ்சி போச்சு."

"பெனி என் பொண்ணு. நான் பேசிக்கறேன்."

அவர் செருப்பைத் தேடினார். மேரி எழுந்து வந்தாள். குரலை இறக்கினாள்.

"வாசல்ல நின்னு, அவருக்குக் காய்ச்சல், யாரும் உள்ள வராதீங்கன்னு சொன்னது என் வாயி. உங்க வாயி இல்ல. என்னையும் சேத்துத் தான் சொல்லப் போறீங்க. அந்த நெனப்பு இருக்குதா?"

அந்த நினைப்பு அவருக்கு இருக்கவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பாவத்தைத் தன் ஒருவருடையதாகவே வைத்திருந்தார். மேரி அதோடு எப்படித் தூங்குகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

மேரி அவரையே பார்த்தாள்.

"இப்பவும் பாதி தான் சொல்வீங்க," என்றாள்.

திரும்பிப் போய்ப் பூண்டுத் தட்டின் முன் உட்கார்ந்தாள்.

*

பெனிட்டா ஸ்கூட்டரை ஓட்டினாள். வடிவேலு பின்னால் உட்கார்ந்திருந்தார். நடவு முடிந்த வயல்கள் போயின. இறால் குட்டைகள் வந்தன. பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மீன் வண்டிகள் வழியை அடைத்து நின்றன.

ஓர் ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஸ்தோத்திரம் பாஸ்டர். நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் குடும்பத்தோட வரோம்."

வடிவேலு தலையசைத்தார்.

குறிப்பு எதுவும் இல்லாமல் இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர். கஸ்தூரியிடம் சொல்ல வேண்டிய முதல் வரி அகப்படவில்லை. 'கஸ்தூரி, ஒரு விஷயம்' என்று தொடங்கிப் பார்த்தார். 'என்னை மன்னிச்சிடு' என்று தொடங்கிப் பார்த்தார். இரண்டும் பிரசங்கம் போல இருந்தன.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு இந்த வழியாக வருவார். கஸ்தூரி வாங்கிக்கொள்வாள். பொங்கலுக்கு உலர்ந்த இறால் கொடுத்தனுப்புவாள். ஒரு முறை துறைமுகத்தில் லோகேஷுக்கு வேலை சொல்லி வைத்தார். லோகேஷ் வரமாட்டேன் என்றான்.

அதற்கும் முன்பு ஒரு நாள் உண்டு. துறைமுக வாசலில் மீனவர்கள் கொடி பிடித்து நின்றார்கள். வடிவேலு கேட்டுக்கு உள்ளே சீருடையில் நின்றார். வெளியே முதல் வரிசையில் லோகேஷ். மீசை முளைக்காத வயது. கம்பி வழியாக அவரைப் பார்த்து, "எங்க பக்கம் ஒரு வாட்டியாவது நின்னு இருக்கியா நீ?" என்று கத்தினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டு கேட்டது போல இருந்தது.

பாலத்தின் மேல் பெனிட்டாவின் செல்போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினாள்.

"அச்சகத்துல இருந்து," என்றாள். "இன்னா சொல்லட்டும்?"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"எத்தனை நேரம்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். நீர் இறங்கும் வற்றம். சேறு தெரிந்தது.

"தெரியலம்மா," என்றார்.

*

சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடு. வாசலில் கஸ்தூரி சாக்கு விரித்து இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் மருமகள் செவ்வந்தி. நடுவில் ஒரு குண்டான். லோகேஷ் சற்றுத் தள்ளி வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பெரிநைனா," என்றான் லோகேஷ். "இன்னா அதிசயம். கிறிஸ்துமஸ் முன்னாடியே வந்துச்சா?"

"அய்ய, கம்முனு இருய்யா," என்றாள் செவ்வந்தி. "வாங்க மாமா. பெனி, வா. இறால் கவுச்சி ஒத்துக்குமா டீச்சரம்மாக்கு?"

"நானும் கிள்றேன், குடு," என்று பெனிட்டா உட்கார்ந்தாள்.

கஸ்தூரி முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கப் போனாள்.

"நீ உக்காரும்மா," என்றார் வடிவேலு.

"சேர் எடுத்துனு வா செவ்வந்தி. மாமா, டீ போடச் சொல்லட்டா? அக்கா வரலயா?"

"வேலை இருக்குது அவளுக்கு."

"இருக்காதா பின்ன. விழாவாச்சே."

பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வடிவேலு உட்கார்ந்தார். மற்றவர்கள் கீழே இருந்தார்கள். அவர் மட்டும் மேலே. எழுந்து கீழே உட்காரலாமா என்று நினைத்தார். உட்காரவில்லை.

"நாளைக்கு லோகேஷ் பேரு எழுதறாங்க மாமா," என்றாள் கஸ்தூரி. "பாடு சீட்டுக்கு. கல்யாணம் ஆச்சு இல்ல, இனிமே அவனுக்கும் முறை உண்டு."

"நல்லது."

"நல்லது தான். இவ தான் நேத்தில இருந்து பொலம்பறா."

"பொலம்பல அத்தை," என்றாள் செவ்வந்தி. "ஒரு கேள்வி கேட்டேன். முறை வர அன்னிக்குக் காத்து அடிச்சா இன்னா பண்றதுன்னு. அதுக்கு இவரு, நீ வந்து துடுப்பு போடுன்றாரு."

"போடுவே தானே?" என்றான் லோகேஷ். "வாய் ஒண்ணே போதும், இன்ஜின் வேணாம்."

பெனிட்டா சிரித்தாள். கஸ்தூரி சிரிக்கவில்லை. கையிலிருந்த இறாலைக் குண்டானில் போட்டுவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

"காத்து அடிச்சா அனுப்பாதே," என்றாள். "முறை போச்சுன்னா போகட்டும். அவன் போறேன்னு நின்னாலும் அனுப்பாதே. நான் அனுப்பினேன்."

"அம்மா, உடு," என்றான் லோகேஷ்.

"இவளுக்குத் தெரியணும்டா." கஸ்தூரி அடுத்த இறாலை எடுத்தாள். "அன்னிக்கு உங்க மாமனாரு போறேன்னு சொல்லல. வெளிய வந்து நின்னாரு. வாடைக் காத்து எறங்கிடுச்சு, ஒத்தையா வலை கட்ட முடியாது, வேணாம்னாரு. நான் தான் சொன்னேன். உங்க அண்ணன் காய்ச்சல்ல கெடக்கறாரு. மாசத்துல ஒரு முறை. நீயும் போவலன்னா அவங்க வூட்டுல இன்னா பண்ணுவாங்கன்னு. துடுப்பை எடுத்து நானே கைல குடுத்தேன்."

வடிவேலுவுக்கு இது தெரியாது. வரதன் தானாகப் போனான் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

"திரும்பிப் பாத்தாரு," என்றாள் கஸ்தூரி. "போ போன்னு கைய ஆட்னேன்."

லோகேஷ் வலையில் ஒரு முடிச்சை இழுத்தான். இந்தக் கதையை அவன் பலமுறை கேட்டிருக்க வேண்டும். முகத்தில் அலுப்பும் பாரமும் தெரிந்தன.

"ஊருக்கும் தெரியும். நான் அனுப்பினதைப் பக்கத்து வூட்டுல பாத்தாங்க. புருஷனைத் தள்ளி உட்டவள்னு பேரு. நாளைக்குப் பேரு எழுதறப்ப கோயிலாண்ட நான் போய் நின்னா இன்னிக்கும் ஒரு வாய் திறக்கும். அதான் நான் போவ மாட்டேன். இவன் மாமன் போய் நிக்கட்டும்."

அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று மேரி சொன்னாள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

பெனிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவள் கையில் பாதி கிள்ளிய இறால்.

"கஸ்தூரி," என்றார் வடிவேலு.

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல."

கஸ்தூரியின் விரல்கள் தம் பாட்டுக்கு இரண்டு தலையைக் கிள்ளின. பிறகு நின்றன.

"இன்னா?"

"காய்ச்சல் இல்ல. காட்டூருக்குப் போயிருந்தேன். ஜெபத்துக்கு. போறேன்னு சொன்னா முறை போயிடும். அதான் காய்ச்சல்னு சொன்னேன். மேரியவும் அப்படியே சொல்லச் சொன்னேன்."

லோகேஷ் எழுந்தான். வலை அவன் காலில் சிக்கியது. உதறினான்.

"இன்னா சொல்றே நீ?"

"லோகேஷு," என்றாள் செவ்வந்தி.

"நீ சும்மா இரு. இன்னா சொல்றாரு இவரு? எங்க நைனா இவரு முறைக்குச் செத்துப் போனாரு. இவரு பாட்டுப் பாடினு இருந்தாரா?"

"ஆமா," என்றார் வடிவேலு.

"அம்மா, இந்தாளை எழுந்து போவச் சொல்லு."

"நீ உக்காருடா," என்றாள் கஸ்தூரி.

"அம்மா—"

"உக்காரு."

அவன் உட்காரவில்லை. சுவரோரம் போய் நின்றான். செவ்வந்தி அவன் பக்கத்தில் போனாள். தொடவில்லை. பக்கத்தில் நின்றாள்.

கஸ்தூரி கையைத் தண்ணீரில் அலசினாள். முந்தானையில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"எத்தினி மணிக்குத் திரும்பினீங்க?"

"மூணு இருக்கும்."

"நான் நாலு மணிக்குக் கஞ்சி எடுத்துனு வந்தேன்."

"ஆமா."

"போர்வை போத்திக்கினு இருந்தீங்க."

"ஆமா."

"எழுந்து உக்காந்து குடிச்சீங்க. போதுமா மாமான்னு கேட்டேன். போதும்னீங்க. இன்னும் அவரு வரலயேன்னு சொன்னேன். வந்துடுவான், நீ போன்னீங்க."

"ஆமா."

வருடக்கணக்காக மேடையில் ஏறி இறங்கிய வாய் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது.

"அப்பவே ஆள் அனுப்பி இருந்தா," என்று லோகேஷ் சுவரைப் பார்த்துச் சொன்னான். "நாலு மணிக்கே. காய்ச்சல் இல்லாத மனுஷன் நாலு மணிக்குப் படகை எடுத்துனு தேடப் போயிருக்கலாம்."

அதுதான். வடிவேலு இதுவரை யாரிடமும் சொல்லாதது அதுதான். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பொய் தெரிந்துவிடும். வியர்க்க வியர்க்கப் போர்வைக்குள் கிடந்து, தம்பி கரையேறும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"போயிருக்கணும்," என்றார்.

கஸ்தூரி மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க அம்மா," என்றாள். "அத்தை. சாவற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. கடைசி மூணு நாளு நாக்கு வறண்டு கெடந்துச்சு. நான் டம்ளரை எடுத்துனு போனா மூஞ்சியத் திருப்பிக்கும். நீங்க பக்கத்துல உக்காந்துனு இருந்தீங்க மாமா."

"உக்காந்து இருந்தேன்."

"என் கைல இருந்து டம்ளரை வாங்கி நீங்க குடுத்தீங்க."

அவர் தலை குனிந்தார்.

"அப்ப சொல்லி இருக்கலாமே. செவுத்துக்கிட்ட சொல்ற மாதிரி அது காதுல மட்டும் சொல்லி இருக்கலாமே. வேற யாருக்கும் வேணாம். அது ஒண்ணுக்கு."

பெனிட்டாவின் செல்போன் அடித்தது. அவள் அதைத் துண்டித்தாள். மறுபடி அடித்தது. அணைத்தே போட்டாள்.

"சித்தி," என்றாள். "நாளைக்கு மலர் ஒண்ணு போடறோம். நைனாவோட சாட்சி. அதுல அந்தப் படகு வருது. சித்தப்பா வரல. அதை நான் கேட்டேன். அதான் இங்க வந்தோம்."

"சாட்சின்னா?"

"அவங்க வாழ்க்கைல கர்த்தர் செஞ்சதைச் சொல்றது."

"எங்க சொல்வாரு?"

"எல்லா ஊர்லயும்."

"இன்னான்னு சொல்வாரு? படி."

"சித்தி, வேணாம்."

"படிம்மா. எனக்குத் தான் படிக்கத் தெரியாது. காது கேக்குது."

பெனிட்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் செல்போனை மறுபடி உயிர்ப்பித்து, அதில் இருந்த சாட்சியைத் திறந்தாள். படித்தாள். குரல் வகுப்பில் படிப்பது போலச் சமமாக இருக்க வேண்டும் என்று முயன்றாள். 'உயிரோடு இருந்தேன்' என்ற இடத்தில் குரல் உடைந்தது.

கஸ்தூரி முழுவதும் கேட்டாள்.

"இதைச் சொன்னா ஜனங்க இன்னா பண்ணுவாங்க?"

பெனிட்டா செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வடிவேலு சொன்னார்.

"ஸ்தோத்திரம்னு சொல்வாங்க."

"கை தட்டுவாங்களா?"

"சில எடத்துல."

"ம்."

தெருவில் ஒரு மீன் வண்டி போனது. டிரைவர் லோகேஷைப் பார்த்துக் கையைத் தூக்கினான். லோகேஷ் கவனிக்கவில்லை.

வடிவேலு நாற்காலியிலிருந்து இறங்கினார். முழங்கால் வலித்தது. சாக்கின் ஓரத்தில், இறால் தோல் கிடந்த இடத்தில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்தது.

"அந்தப் பக்கத்தை எடுத்துடறேன் கஸ்தூரி. மலரே வேணாம்னாலும் சரி. இனிமே எந்த மேடைலயும் அதைப் பேச மாட்டேன்."

"அது எனக்கு எதுக்கு?" என்றாள் கஸ்தூரி. "நாயுடுப்பேட்டைல இருக்கறவங்க எனக்கு யாரு?"

"பின்ன?"

"நீங்க பேசாம இருந்து தான் மாமா எனக்கு இந்தப் பேரு வந்துச்சு. இன்னும் பேசாம இருக்கறேன்றீங்க."



கஸ்தூரி அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்தால் தாங்கியிருக்கலாம். அளந்து பார்க்கும் பார்வை. கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பாளே, அப்படி.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கோயிலாண்ட ஊர் கூடுது. என்னைச் சொன்னவங்கள்ல பாதி பேரு இன்னும் உயிரோட கீறாங்க. இவன் பேரை எழுதறதுக்கு முன்ன ரெண்டு நிமிஷம் கேட்டா குடுப்பாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்றீங்களா மாமா?"